வேலை போனால் அடி யாருக்கு அதிகம்: அண்ணனுக்கா, தங்கைக்கா?

ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தம் முடிந்து, ஒரே மாதத்தில் பாலக்கோடு பக்கம் ஊர் திரும்பும் அண்ணன், தங்கை என்று வைத்துக்கொள்வோம். அவனைப் பார்த்தால் ஊர் கேட்பது, "அடுத்து எங்கப்பா?" அவளைப் பார்த்தால், "சரி, எப்பம்மா கல்யாணம்?"

ஆராய்ச்சியைக் கேட்டால் அடி அண்ணனுக்குத்தான் அதிகம். 2009இல் பால், மோசர் என்ற இருவர் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். வேலையில் இருப்போரில் 16 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல்; வேலை இல்லாதோரில் 34. அதிலும் பெண்களைவிட ஆண்களுக்குப் பாதிப்பு கூடுதல்.

நம்பக்கூடியதுதான். டீக்கடையில் உட்கார்ந்தால் "மாப்ள, இன்னைக்கு லீவா?" என்பார்கள். அதற்குப் பயந்தே பகலெல்லாம் படுத்துக் கிடப்பான், ராத்திரி தூக்கம் வராது, அப்புறம் டாஸ்மாக். அழத் தெரியாதவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தால் வீட்டில் அதைத் திமிர் என்பார்கள்.

ஆஸ்திரியாவின் மரியன்தாலில் ஆலை மூடியபின், 1930களின் தொடக்கத்தில், ஆய்வாளர்கள் தெருவில் நடப்பவர்களின் வேகத்தையே அளந்தார்கள். ஆண்கள் நின்று நின்று நடந்தார்கள். பெண்கள் விறுவிறுவென்று போனார்கள். வீட்டுவேலைக்கு லேஆஃப் ஏது? ஆனால் அதே பெண்கள், பணத்துக்காக மட்டுமல்ல, ஆலைக்கே திரும்பிப் போக ஆசை என்றும் சொன்னார்கள்.

அதனால்தான் அந்தச் சராசரியை வைத்துத் தங்கையை எடைபோட எனக்கு மனம் வரவில்லை. கம்பெனி பஸ், ஹாஸ்டல் தோழிகள், தன் பெயரில் ஒரு ஏடிஎம் கார்டு, "வேண்டாம்" என்று சொல்லும் தைரியம்: எல்லாம் ஒரே நாளில் போகிறது. 2023 ஜூலையில் தொப்பூரில் விண்ணப்ப முகாம் தொடங்கிய 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும் குடும்பத் தலைவிக்குத்தான், அதாவது அம்மா கைக்கு. இவளை யாரும் வேலையில்லாதவள் என்றுகூடச் சொல்வதில்லை. "வீட்லதான் இருக்கா" என்பதோடு சரி. தலைவலி, உடம்பு வலி, பசியில்லை என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவாள், சத்து மாத்திரையோடு திரும்புவாள். என் கணக்கில், சம்பாதித்துப் பழகியவளுக்கு அண்ணனைவிடக் குறைந்த அடி இல்லை.

இருவருக்கும் அரசின் மனநல உதவி எண், டெலி மனஸ் 14416 உண்டு. எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து நாமே எண்ணை அழுத்திப் போனைக் கையில் கொடுக்க வேண்டியிருக்கும். அவளுக்கோ, போனும் அரை மணி நேரம் தனியாகப் பேச ஓர் இடமும் கிடைத்தால் போதும், தானே பேசிவிடுவாள்.