ஃபியட் 1100 டிலைட்: சீரமைப்பதற்காக வாங்கிய காரின் மதிப்பீடு

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டின் கொட்டகையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றிருந்த ஃபியட் 1100 டிலைட் ஒன்றை ஒரு லட்சத்து எழுபதாயிரம் ரூபாய்க்கு வாங்கி, மதுரையிலேயே வேலை பார்த்து, மூன்றாண்டுகள் கழித்து ஓடும் வண்டியாக வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறேன். 1969ஆம் ஆண்டு வண்டி. சீரமைக்கவென்றே பழைய இத்தாலிய கார் தேடுகிறவர்கள், இதை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் இஞ்சின் ஓடுகிறதா என்று பார்த்து வாங்கக் கூடாது; தகரம் நல்லபடியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். நான் செலவழித்த பணத்தில் பாதிக்கு மேல் தகர வேலைக்கும் பெயிண்டுக்கும் போனது. இஞ்சினுக்கு ஆனது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

என் ஆசை முதலில் இருவர் உட்காரும் இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் மீதுதான் இருந்தது. ஆனால் அப்படிப்பட்ட வண்டிக்கு கண்ணாடியைச் சுற்றி வரும் ஒரு ரப்பர் பீடிங் வேண்டுமென்றாலும் வெளிநாட்டில் ஆர்டர் போட்டு, சுங்கம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஃபியட் 1100 குடும்பக் கார்தான் என்றாலும் அதன் இஞ்சினின் வம்சம் சாதாரணமானதல்ல. 1089 சி.சி. கொண்ட ஃபியட் 1100 இஞ்சினை அடிப்படையாக வைத்துத்தான் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இத்தாலியின் சிசிடாலியா நிறுவனம் தன் டி46 பந்தய வண்டியையும், அடுத்து 202 என்ற ஸ்போர்ட்ஸ் காரையும் செய்தது. பினின்ஃபரினா என்ற இத்தாலிய வடிவமைப்பு நிறுவனம் வடிவமைத்த அந்த 202, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நம் ஊரிலும், சென்னைக்கு அருகே சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் வேகத்துக்காக இஞ்சினை மாற்றியமைத்த ஃபியட்டுகள் சீறிப் பாய்ந்திருக்கின்றன. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு இந்த வண்டியின் பானெட்டைத் திறந்து பார்க்கும்போது எனக்கு வேறொரு மரியாதை வந்தது.

உதிரிபாகம் கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஃபியட்டின் உரிமத்தோடு 1964இல் தயாரிக்கத் தொடங்கிய டிலைட், 1972இல் பிரீமியர் பிரசிடென்ட் ஆகி, 1974இல் பத்மினி என்ற பெயரைப் பெற்று, 1990களின் இறுதிவரை பெரிய மாற்றம் இல்லாமல் வந்துகொண்டிருந்தது. மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில்தான் ஓய்வு பெற்றது. அத்தனை ஆண்டுகள் டாக்ஸியாக ஓடிய வண்டி என்பதால் பிஸ்டன், பேரிங், கிளட்ச், பிரேக் சாமான்கள் இன்னும் கிடைக்கின்றன. பழைய கதவு, கைப்பிடி, மீட்டர் போன்றவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தேன், முக்கால்வாசி கிடைத்தது. டிலைட்டுக்கே உரிய முன் கிரில்லும் விளக்கு வளையங்களும்தான் அரிது. அவை வண்டியிலேயே இருந்தால் விலை சற்று கூடக் கொடுக்கலாம்.

இந்த வண்டிக்குச் சேஸ் எனப்படும் தனியான அடிச்சட்டம் கிடையாது. தரை, சைடு பாக்ஸ், தூண்கள், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, அந்தத் தகரக் கூடே எடையைத் தாங்குகிறது. ஆகவே கதவுக்குக் கீழே ஓடும் சைடு பாக்ஸ் அரித்துப் போனால் அது அழகுக் குறை மட்டுமல்ல, வண்டியின் முதுகெலும்பே போனதற்குச் சமம். வாங்குவதற்கு முன் என்னுடன் வந்த சிம்மக்கல் மெக்கானிக், "தம்பி, இஞ்சினப் பாத்து வண்டி எடுக்காதீங்க. இஞ்சின நான் செஞ்சுருவேன். தகரம் போச்சுன்னா யாராலயும் பழசு மாதிரி கொண்டுவர முடியாது" என்றார். சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்து, அதைத் துணியில் சுற்றி, சைடு பாக்ஸ் நெடுக மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். தகரம் உள்ள இடத்தில் காந்தம் கையை இழுத்துப் பிடித்தது. டிரைவர் பக்கப் பின்சக்கரத்துக்கு முன்னால் ஒரு சாண் தூரத்துக்கு ஒட்டாமல் நழுவியது. அங்கே பெயிண்டுக்கு அடியில் இருந்தது வெறும் பட்டி. பிறகு கால்மிதி ரப்பரைத் தூக்கினார். அடியில் சணல் விரிப்பு மக்கித் தூளாகியிருக்க, ஸ்க்ரூ டிரைவர் நுனி இரண்டு இடங்களில் தரையைத் தாண்டி இறங்கியது. டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழி மட்டும் ஆச்சரியப்படும்படி சுத்தமாக இருந்தது. கடற்கரை ஊர்களில் கிடந்த வண்டிகளையும் நான் பார்த்திருக்கிறேன். உப்புக்காற்றில் அவற்றின் அடிப்பாகம் அப்பளம்போல் நொறுங்குகிறது. நம் பக்கத்து வறண்ட காற்றில், கூரைக்கு அடியில் நின்ற வண்டியைத் தேடுவது அதனால்தான் நல்லது.

மெக்கானிக் இவ்வளவு சொல்லியும் நான் ஒரு தவறு செய்தேன். தகர வேலையை, கூலி குறைவு என்பதற்காக ஊரில் வேறொரு பட்டறையில் ஒப்படைத்தேன். ஐந்து மாதம் கழித்துப் பளபளவென்று வண்டி வந்தது. அடுத்த ஐப்பசி மழை முடிவதற்குள் சைடு பாக்ஸின் மேல் கொப்புளம் கொப்புளமாகப் பெயிண்டு எழும்பியது. பிரித்துப் பார்த்தபோது, துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தகரத்தை வைத்துப் பற்றவைத்து, மேலே பட்டி பூசியிருந்தது தெரிந்தது. உள்ளே தண்ணீர் வடிவதற்கு இருக்க வேண்டிய துளைகளும் அடைபட்டிருந்தன. மறுபடியும் எல்லாவற்றையும் வெட்டி, உட்புறம் துருத் தடுப்புப் பூச்சு அடித்து, துளைகளைத் திறந்துவிட்டுச் செய்ய இரண்டாம் முறை பணம் போனது. பணத்தைவிட, மீதமிருந்த நல்ல பழைய தகரமும் அந்த முதல் வேலையில் வெட்டுப்பட்டுப் போனதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. பிரைமர் அடிப்பதற்கு முன் வெறும் தகரத்தை நேரில் பார்க்காமல் அடுத்த தவணைப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இஞ்சின் வேலை இதனோடு ஒப்பிட்டால் இன்பமானது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தி (போரிங்), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். மதுரையின் லேத் பட்டறைகளில் இந்த வேலைக்குக் கை பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிலிண்டரை மேலே மூடும் ஹெட் அலுமினியத்தால் ஆனது. பலரும் கூலன்ட் ஊற்றாமல் வெறும் குழாய்த் தண்ணீரையே ஓட்டியிருப்பதால், தண்ணீர் வழிகள் அரித்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இப்போதைய பெட்ரோலில், பழைய ரப்பரைக் கெடுக்கும் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பினுள் இருக்கும் ரப்பர் சவ்வான டயஃப்ரத்தையும் தயங்காமல் மாற்றிவிட வேண்டும். வயரிங் முழுவதையும் எலி கடித்திருந்ததால் புதிதாகவே இழுத்தோம்.

ஓட்டுவதற்கு இந்த வண்டி தருகிற சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதிகாலையில் அழகர்கோவில் சாலையில் போகும்போது, ஸ்டீயரிங் தண்டிலுள்ள கை கியரை மூன்றிலிருந்து நான்குக்குத் தள்ளினால், அந்தச் சின்ன இஞ்சின் மூச்சு வாங்காமல் இழுத்துக்கொண்டு போகிறது. பெரிய மெல்லிய ஸ்டீயரிங் வழியாகச் சாலையின் ஒவ்வொரு மேடு பள்ளமும் கைக்குத் தெரிகிறது. ஆனால் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். நான்குக்கும் ஒரே பிரேக் ஆயில் வழி. எங்காவது ஒழுகினால் மொத்தமும் போய்விடும் என்பதால், வீல் சிலிண்டர்களையும் குழாய்களையும் புதிதாகப் போடாமல் வண்டியைத் தெருவுக்கு எடுக்கவே கூடாது. சித்திரை வெயிலில் கோரிப்பாளையம் நெரிசலில் நின்றால் இஞ்சினோடு ஒட்டிய பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகி, வண்டி இருமி நின்றுவிடும். பழைய டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி போடுவார்கள். நானும் இரண்டு முறை போட்டிருக்கிறேன். குழாயைச் சூட்டிலிருந்து தள்ளிக் கட்டி, இடையில் ஒரு தகடு வைத்த பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கியது.

ஆவணங்களில் அவசரம் கூடாது. என் வண்டியின் ஆர்.சி. (பதிவுச் சான்று) விற்றவர்களின் இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தது. வாரிசுகள் படிவம் 31 கொடுத்துத் தங்கள் பெயருக்கு மாற்றிய பிறகே 29, 30 படிவங்களில் எனக்கு விற்க முடிந்தது. சேஸ் நம்பர் அரித்தோ, ஆர்.சி.யோடு பொருந்தாமலோ இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விலகிவிடுங்கள். 2021 விதிகளின்படி ஐம்பது ஆண்டு தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ எழுத்துகள் கொண்ட வின்டேஜ் பதிவு கிடைக்கும். புதுப் பதிவுக்கு இருபதாயிரம் ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அந்தப் பதிவில் அன்றாடம் ஓட்ட அனுமதியில்லை. எனக்கு வண்டி ஓட வேண்டும் என்பதால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் சாதாரணப் பதிவிலேயே வைத்திருக்கிறேன்.

தரையும் சைடு பாக்ஸும் உறுதியாக, கிரில் முழுதாக, ஆவணம் சுத்தமாக இருக்கிற டிலைட்டுக்கு, இஞ்சின் இறுகிக் கிடந்தாலும், நான் கொடுத்த விலையைப் போல ஒன்றரை மடங்கு கொடுக்கலாம். புதுப் பெயிண்டோடு, ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிற வண்டியைக் காட்டினால், முதலில் காந்தத்தை எடுங்கள்.