பட்டறை வாசல்வரை: பூம் ட்ரக்கா, ஜேசிபியா, ட்ரக்டர் பெட்டியா?

கொழும்பில் மெஷினுக்குக் காசு கட்டியாயிற்று. “லொறியில ஏத்தி விடுறம், இறக்கிறது உங்கட பாடு” என்று விற்றவரும் சொல்லிவிட்டார். வன்னியில் வீட்டு வளவுக்குள் தச்சுப் பட்டறை வைத்திருப்பவருக்கு வேலை தொடங்குவது அங்கேதான். கொழும்பில் ஏற்றுவதற்கு நாட்டாமைகள் (சுமை தூக்குபவர்கள்) இருப்பார்கள், தேவைப்பட்டால் ஃபோர்க் லிஃப்ட்டும் பிடிக்கலாம். ஏ9 வீதியால் வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி என்று வருவதும் பெரிய காரியமில்லை. தார் ரோட்டை விட்டு ஒழுங்கைக்குள் திரும்பினால்தான் கதை மாறும்: கிரவல் பாதை, வாய்க்கால் மதகு, ஒடுக்கமான படலை, மணல் முற்றம், தகரக் கொட்டிலின் தாழ்ந்த கூரை. அந்தக் கடைசித் துண்டுக்கு எது தோது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் நிறை. சின்ன மேசை வாள் 100 கிலோவுக்கு உள்ளேயே அடங்கும். 20 அங்குல அகலம் சீவுகிற வார்ப்பிரும்புத் திக்னசர் (பலகையை ஒரே தடிப்பாகச் சீவும் மெஷின்) 400 முதல் 500 கிலோ வரை வரும். 36 அங்குலச் சில்லுள்ள பழைய பாண்ட் சோ (நாடா வாள் மெஷின்) என்றால் ஒரு தொன்னைத் தொட்டுவிடும். விற்பவர் வாயால் சொல்லும் நிறையை வைத்து எதையும் முடிவெடுக்க வேண்டாம். மெஷினில் அடித்திருக்கிற தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மாதிரி எண் கிடைத்தால் கையேட்டைத் தேடிப் பார்க்கலாம். நிறையோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொன்று, பாரம் எந்தப் பக்கம் என்பது. திக்னசருக்குப் பாரம் கீழே. பாண்ட் சோவுக்கு மேல் சில்லு இருப்பதால் தலைப்பாரம். எதைப் பிடிப்பது என்ற முடிவே இதனால் மாறும்.

பூம் ட்ரக்

கிரேன் பூட்டிய லொறிதான் பூம் ட்ரக். யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான். ஏற்றி வருகிற வண்டியே தூக்கியும் வைத்துவிடும், இடையில் கைமாற்றமே இல்லை. படலை அகலமாக, ரோட்டுக்கரையிலேயே பட்டறை இருந்தால் இதைவிடச் சுகமான வழி கிடையாது.

ஆனால் “3 தொன் கிரேன்” என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பக்கூடாது. அந்த 3 தொன், கிரேனின் கை மடங்கி லொறிக்குப் பக்கத்தில், ஏறக்குறைய இரண்டரை மீற்றருக்குள் நிற்கும்போதுதான். மதிலுக்கு வெளியே லொறியை நிறுத்திக் கையை முழுக்க நீட்டினால் அது தூக்குவது சில நூறு கிலோதான். கிரேனின் கம்பத்திலோ கைப்பிடிக்குப் பக்கத்திலோ தூர அட்டவணை ஒட்டியிருக்கும். வண்டி பேசும்போதே அதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால், நல்ல ஓட்டுநர் சிரித்துக்கொண்டே அனுப்புவார். “அதெல்லாம் தேவையில்லை, பாப்பம்” என்பவரை விட்டுவிடலாம்.

அடுத்தது நிலம். தூக்கும்போது லொறியின் பாரத்தில் பெரும்பங்கு, நிலத்தில் ஊன்றும் முட்டுக் கால்களில் ஒரு பக்கத்துக் கால்களில் இறங்கும். மாரியில் ஊறிய முற்றத்தில் அந்தக் கால் பதிந்தால் வண்டியே சரியும். அகலமான தடித்த பலகைகளை அடியில் போட்டே ஆக வேண்டும். தலைக்கு மேலே வீட்டுக்கு வரும் மின்கம்பி இருக்கும், அதிலிருந்து 3 மீற்றராவது தள்ளியே கை ஆட வேண்டும். இவ்வளவும் சரிவந்தாலும் கிரேன் கூரைக்குள் நுழையாது. மெஷின் வாசலில்தான் நிற்கும். மிச்சத்தை நீங்கள்தான் உருட்ட வேண்டும். வாடகையும் வண்டி புறப்பட்ட நேரத்திலிருந்து ஓடும்.

ஜேசிபி

கிட்ட எங்காவது குளக்கட்டிலோ ரோட்டு வேலையிலோ ஒன்று நிற்கும். ஆளைத் தெரியும், மணித்தியாலக் கணக்கு, மலிவு. அதனால்தான் ஆசை வரும். என் கருத்தில் இருக்கிற வழிகளில் மோசமானது இதுதான். வாளிப் பல்லில் சங்கிலியை மாட்டித் தூக்கும்போது பாரம் ஊஞ்சலாடும். மண் அள்ளப் பழகிய லீவர் கை, கடைசி ஓரங்குலத்தை மெதுவாக இறக்கத் தெரியாமல் டொக்கென்று வைத்துவிடும். உருக்கிரும்பு என்றால் வளையும், தட்டி நிமிர்த்தலாம். வார்ப்பிரும்பு வெடிக்கும். திக்னசரின் மேசைக்கால் ஒன்று வெடித்தால் மெஷின் பழைய இரும்பு விலைக்குத்தான். வாளிக்குப் பதிலாக ஃபோர்க் பூட்டிய வண்டி என்றால் அது வேறு கதை, தாராளமாகப் பிடிக்கலாம். நம்ம பக்கம் அப்படி ஒன்று அகப்படுவது அரிது.

ட்ரக்டர் பெட்டி

என் வாக்கு இதற்குத்தான், ட்ரக்டர் பின்னால் இழுத்து வரும் ட்ரெயிலருக்கு. லொறி தார் ரோட்டோடு நின்றுவிடும். பெட்டியைப் பின்னால் எடுத்து லொறியின் பின்பலகையோடு முட்ட விட்டு, இரண்டையும் சங்கிலியால் இறுக்கிக் கட்டினால், தட்டுகள் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் வரும். இடைவெளிக்கு மேல் இரண்டு தடித்த பலகை, அதன்மேல் ஒன்றரை அங்குல ஜிஐ பைப் நாலைந்து துண்டு. அலவாங்கால் மெஷினின் அடிச்சட்டத்தைக் கொஞ்சம் எத்திப் பைப்பை நுழைத்துவிட்டால், அரைத் தொன் மெஷினை மூன்று பேர் தள்ளிக்கொண்டு போய்விடலாம். பின்னால் கழன்று வருகிற பைப்பை எடுத்து முன்னால் வைப்பதற்கு மட்டும் தனியாக ஓர் ஆள் வேண்டும். அவர் பைப்பை நுனியில் பிடிக்கக்கூடாது, உள்ளங்கையால் பக்கவாட்டில் தள்ளி விட வேண்டும். விரல் நசிவது இந்த இடத்தில்தான். திருப்ப வேண்டுமென்றால் முன் பைப்பைச் சுத்தியலால் ஒரு பக்கம் தட்டிச் சரித்து வைத்தால் போதும், மெஷின் தானாக அந்தப் பக்கம் முகம் திருப்பும்.

மதகு தாங்குமா, மணல் புதையுமா என்ற பயம் ட்ரக்டருக்குக் குறைவு. நெல் மூட்டையோடு போய்வந்த பாதைதானே. பெட்டி இரண்டு சில்லுள்ளது என்றால் ஒரு கவனம். பாரம் அச்சுக்குப் பின்னால் போனதும் முன்பக்கம் கிளம்பும். இறக்கத் தொடங்குமுன் பெட்டியின் பின்பக்கத்துக்கு அடியில் மரக்குற்றி முட்டுக் கொடுத்துவிட வேண்டும், ட்ரக்டரைக் கழற்றவே கூடாது. லாண்ட்மாஸ்டர் (இரு சில்லுக் கை ட்ரக்டர்) பெட்டியை இந்த வேலைக்கு நான் சொல்ல மாட்டேன். அதன் பிரேக்கை நம்பி அரைத் தொன்னைச் சரிவில் கொண்டுபோக முடியாது.

வளவுக்குள் வந்ததும் பெட்டியின் சில்லுகளுக்கு ஓரடி ஆழத்தில் குழி வெட்டி அதற்குள் பின்வாங்கி விடுங்கள். அதிக வேலையில்லை, மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த ஒருவர் போதும். கணக்கைப் பாருங்கள்: 3 அடி உயரத்திலிருந்து 12 அடிப் பனங்குற்றியில் சரித்தால் 500 கிலோ மெஷின் கீழ்நோக்கி ஏறக்குறைய 125 கிலோவுக்கு இழுக்கும். குழி வெட்டி 2 அடியாக்கினால் அது 83 கிலோவாகக் குறையும், உராய்வு இன்னும் கொஞ்சத்தைத் தின்னும். கயிற்றை முற்றத்து வேம்பில் இரண்டு சுற்றுச் சுற்றி ஓர் ஆள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் மெஷின் அடங்கி இறங்கும். சரிவில் பைப் வைக்க வேண்டாம், அடிச்சட்டம் மரத்தோடு உராய்ந்து வரட்டும். சரிவுக்குக் கீழே யாரும் நிற்கக்கூடாது, சின்னப் பெடியள் வேடிக்கை பார்க்க வந்தால் வேலியோடு நிறுத்திவிடுங்கள்.

இன்னொரு ஆசை, டிப்பிங் பெட்டி. தூக்கிச் சரித்தால் வழுக்கி வந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். மணலுக்குச் சரி, மெஷினுக்கு ஆகாது.

கொட்டிலுக்குள் நிமிர்த்தி வைக்க 1 தொன் செயின் புளொக்கும் (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கப்பி) அதைக் கொழுவ உயரமான மூன்று கால் முக்காலியும் வேண்டும். குழாய்க்கிணறு வேலை செய்பவர்களிடம் இரண்டும் இருக்கும், ஒரு நாளுக்குக் கேட்டுப் பார்க்கலாம். கூரை வளையில் மட்டும் கொழுவாதீர்கள், அது தகரத்தைத் தாங்கப் போட்டது. முக்காலியின் மூன்று கால்களையும் அடியில் கயிற்றாலோ சங்கிலியாலோ சுற்றிக் கட்டினால்தான் அகலாது. தூக்குபட்டையை மேசையின் நுனியிலோ கத்திகள் பூட்டிய வெட்டுத்தண்டிலோ போடக்கூடாது, அடிச்சட்டத்துக்குக் கீழே விட்டு எடுங்கள்.

ஆள்பலத்தால் மட்டும் தூக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மோட்டர், மேசை, மேசைமேல் மரத்தை அணைத்துத் தள்ளும் சட்டம் (ஃபென்ஸ்) எல்லாம் கழற்றி ஒரு துண்டு 100 கிலோவுக்குள் வந்தால் செய்யலாம். கழற்றுமுன் படம் எடுத்து வையுங்கள், ஆணிகளைத் துண்டு வாரியாகப் பையில் போடுங்கள்.

எனது தேர்வு கவிழ்வது பாண்ட் சோவில். தலைப்பாரமான மெஷினைப் பைப்பில் உருட்டுவது ஆபத்து, குழி வெட்டிய சரிவிலும் அது குப்புறப் பார்க்கும். அதைப் படுக்க வைத்துக் கொண்டுவர வேண்டும், அல்லது பூம் ட்ரக்குக்குக் காசைக் கொடுக்க வேண்டும். படுக்க வைப்பதென்றால் வாள் நாடாவைக் கழற்றி, மேசையை எடுத்துவிட்டு, சில்லுகளின் அச்சில் பாரம் படாமல் மரக்கட்டை கொடுக்க வேண்டும்.

முல்லைத்தீவுப் பக்கம் இருப்பவர்களுக்கு வழியும் ஒரு கணக்கு. பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக வரும் ஏ35 வட்டுவாகலைக் கடந்துதான் முல்லைத்தீவு நகரை அடைகிறது. அந்தப் பழைய ஒடுங்கிய பாலத்தைப் பார லொறிக்கு நான் தெரிவு செய்ய மாட்டேன். மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக ஏ34இல் வரச் சொல்வதே நல்லது. காலமும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காலபோக (மாரிகால நெல்) விதைப்பு, மாசி, பங்குனியில் வெட்டு. அப்போது ட்ரக்டர்காரர் உங்களைத் திரும்பியும் பார்க்க மாட்டார், வாடகையும் ஏறும். வைகாசிக்குப் பிறகு நிலமும் காய்ந்திருக்கும், ஆளும் கிடைப்பார்.

கடைசியாக, ட்ரக்டர் வழியில் மெஷினைப் பொறுப்பேற்பது வீட்டில் இல்லை, தார் ரோட்டோரத்தில். லொறிக்காரருக்கு அவசரம் இருக்கும், பொருளை ஒப்படைத்ததற்கான சீட்டை நீட்டுவார். கையெழுத்துக்கு முன்னால் மேசை, கால், கைச்சில்லு, மோட்டர்ப் பெட்டி நாலையும் தடவிப் பாருங்கள். கிரீஸ் பூசிய இடத்தைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், வெடிப்பு அதற்குள்தான் ஒளிந்திருக்கும். கீறலோ உடைவோ கண்டால் படம் எடுத்து, சீட்டிலேயே எழுதி, ஓட்டுநரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகு இறக்கத் தொடங்குங்கள்.