கழுத்தில் குத்துக்காயம்: சிடி ஆஞ்சியோவா, கத்தீட்டர் ஆஞ்சியோவா?

இரண்டும் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சோதனைகள்: ஒன்று சிடி ஸ்கேனில், மற்றது ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் (கத்தீட்டர்) செலுத்தி. முதலில் ஒன்று. ரத்தம் பீறிட்டாலோ, வீக்கம் கண்ணெதிரே பெரிதானாலோ, ரத்த அழுத்தம் சரிந்தாலோ இந்தக் கேள்விக்கே நேரமில்லை. நேராக ஆபரேஷன் தியேட்டர்தான். நோயாளி ஓரளவு நிலையாக இருந்து, ரத்தக்குழாய் அடிபட்டிருக்குமோ என்ற சந்தேகம் மட்டும் இருக்கும்போதுதான் தேர்வு வருகிறது.

வேகம்
சிடி: கைச் சிரையில் சாய மருந்து ஏற்றிச் சில நிமிடங்களில் படம் கிடைத்துவிடும்.
கத்தீட்டர்: தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாகக் குழாய் செலுத்த வேண்டும். அதற்கென்று ஒரு குழுவும் கூட வேண்டும்.

என்ன தெரியும்
சிடி: ரத்தக்குழாயோடு மூச்சுக்குழாய், முதுகெலும்பு, ஆயுதம் போன பாதை எல்லாம் தெரியும். உள்ளே குண்டுச் சிதறல் இருந்தால் மட்டும் படம் கெடும்.
கத்தீட்டர்: ரத்தக்குழாயின் உட்புறம் மட்டுமே, ஆனால் மிகத் துல்லியமாக.

ஆபத்து
சிடி: கதிர்வீச்சு, மருந்து ஒவ்வாமை.
கத்தீட்டர்: அவற்றோடு, அரிதாகப் பக்கவாதமும்.

சிகிச்சை
சிடி படம் காட்டுவதோடு சரி. கத்தீட்டரின் பலமே இங்கேதான். முதுகெலும்புத் தமனி எலும்புக்குள் புகுந்து ஓடுகிறது. தாடைக் கோணத்துக்கு மேலே, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியும் அறுவை சிகிச்சைக் கத்திக்கு எளிதில் எட்டாது. அங்கே கத்தீட்டர் வழியே உலோகச் சுருள் வைத்து அடைக்கலாம், ஸ்டென்ட் (வலைக்குழாய்) வைக்கலாம். கழுத்தின் நடுப்பகுதியில் கரோட்டிட் கிழிந்திருந்தால் திறந்து தைப்பதே பெரும்பாலும் நல்லது.

ஆகவே கண்டறிய சிடி. அதில் சந்தேகம் தீராவிட்டாலோ, குழாய் வழியே அடைக்க வேண்டியிருந்தாலோ கத்தீட்டர். அப்புறம், கத்தி இன்னும் செருகியிருந்தால், தியேட்டர் போகும்வரை அதை யாரும் பிடுங்கக் கூடாது.