அறுப்பு நேரத்துல எதை நம்புறது? பஞ்சாங்கமா, மேகதூத்தா, விண்டியா, ரேடாரா

மேட்டூர் அணைய ஜூன் 12 தொறந்தாலும் சரி தள்ளிப்போனாலும் சரி, குறுவை நெல் அறுப்பு எப்படியும் புரட்டாசி கடைசில ஆரம்பிச்சு ஐப்பசி மழைய முட்டிக்கிட்டுதான் நிக்கும். அப்ப டெல்டாக்காரன் எல்லாருக்கும் ஒரே கேள்விதான், இன்னைக்கு அறுப்பு வண்டிய வயல்ல எறக்கவா, ரெண்டு நாள் பொறுக்கவா. மன்னார்குடி பக்கம் எனக்கு ஒரு வேலி நிலம், நாலஞ்சு வருஷமா எல்லாத்தையும் பாத்துட்டேன், அதான் எழுதுறேன்.

முதல்ல பெரியப்பா கட்சி. மார்கழில 14 நாள் கர்ப்போட்டம், அதாவது மேகம் போற போக்க பாத்து அடுத்த மழைக்காலத்த சொல்லிடுவார். அது தேதிக்கு ஒத்துவராது, விட்டுடலாம். ஆனா தட்டான் தாழப் பறக்குது, எறும்பு முட்டைய தூக்கிட்டு மேட்டுக்கு ஏறுது, சாயங்காலம் ஈசல் வருதுன்னு சொல்றத நான் கிண்டல் பண்ணமாட்டேன், அன்னைக்கு ராத்திரி களத்துல தார்ப்பாய் போடலாமான்னு முடிவெடுக்க அது போதும்.

மேகதூத், வானிலைத் துறை விவசாயிகளுக்காக விட்ட ஆப், 2019ல வந்தது, தமிழ்லயே இருக்கு. செவ்வாயும் வெள்ளியும் அடுத்த அஞ்சு நாளுக்கு மழை, காத்து, ஈரப்பதம்னு போட்டு கூடவே பயிருக்கு என்ன செய்யணும்னும் சொல்லுது. யூரியா மேலுரம் போடவும் மருந்தடிக்கவும் எனக்கு இதுதான், ஏன்னா போட்ட உரம் மறுநாள் வடிகால்ல போனா யார்கிட்ட கேக்குறது. அறுப்புக்கு மட்டும் இது பத்தாது. செவ்வாய்க்கிழமை போட்டது வியாழக்கிழமை பழசாயிடும், அப்புறம் பொதுவா வானிலை அறிக்கைல வர்ற "ஓரிரு இடங்களில்"ங்கிற வார்த்தை, அந்த ஓரிரு இடம் நம்ம வயலா பக்கத்து ஊரா, அதானே வேணும்?

விண்டிங்கிற வானிலை ஆப்புல, கம்ப்யூட்டர் கணிக்கிற ஐரோப்பிய மாடலும் அமெரிக்க மாடலும் பக்கத்துல பக்கத்துல பாக்கலாம். முன்னது பூமிய 9 கிலோமீட்டர் கட்டமா பிரிச்சு கணக்கு போடுது, பின்னது 22. ரெண்டும் ஒரே மாதிரி சொன்னா நான் நம்புறேன், ஒண்ணு கடல்லயே கரையுது ஒண்ணு நாகப்பட்டினத்துல ஏறுதுன்னு வந்தா இன்னும் யாருக்கும் தெரியலன்னு அர்த்தம், போய் தூங்குங்க. பசங்க பத்து நாள் தள்ளி உள்ள செகப்பு கலர ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்புல போட்டு ஊரையே அலற விடுறானுங்க, அத மட்டும் தயவுசெஞ்சு பண்ணாதீங்க. ஆனா புயல்னா இதயும் வானிலை மையத்தயும் சேத்து பாத்தே ஆகணும், 2018 நவம்பர் 16 விடிகாலைல கஜா வேதாரண்யம் பக்கம் ஏறினப்ப காத்து எப்படி இருக்கும்னு தென்னை வச்சிருந்தவங்கள கேளுங்க.

என் ஓட்டு வானிலைத் துறை வெப்சைட்ல தெரியுற காரைக்கால் ரேடாருக்குத்தான். நாளைக்கு மழையான்னு கேட்டா அது சொல்லாது, இப்ப மழை எங்க நிக்குது எந்தப் பக்கம் நகருதுன்னு காட்டும். ரோட்டுல நெல்ல காயப் போட்டிருக்கும்போது நமக்கு வேண்டியது அந்த ஒரு மணி நேரம்தான். கொள்முதல் நிலையத்துல நெல்லுல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு நிக்கிறாங்க, சில வருஷம் தளர்த்துவாங்க, அந்த ஆர்டர் வர்றதுக்குள்ள மூட்டைல மொளவிட்டுடும். போன வருஷம் ஒரு ஆப்ப மட்டும் நம்பி வெயில்னு விரிச்சு வச்சிட்டு சாப்பிடப் போனேன், திரும்பி வந்தா நெல்லு தண்ணில மெதக்குது. ரேடாரத் தொறந்திருந்தா கடல்லேர்ந்து வர்ற மேகம் அப்பவே தெரிஞ்சிருக்கும்.

ஆட்டுக்கிடை போடுறவங்க, வாத்து மேய்க்கிறவங்களுக்கு வேற கணக்கு, அவங்களுக்கு இடிதான் எமன். தாமினி ஆப் சுத்தி 20, 40 கிலோமீட்டருக்குள்ள மின்னல் விழுறத காட்டுது. பொட்டல்ல ஒத்தப் பனைமரத்தடில ஒதுங்குற ஆளுக்கு அத போன்ல ஏத்திக் குடுங்க, பெரிய புண்ணியம்.

இன்னொண்ணு, எந்த ஆப்பும் சொல்லாதது. அறிக்கை சரியா இருந்தாத்தான் தலைவலி ஜாஸ்தி. வெள்ளிக்கிழமை கனமழைன்னு வந்தா புதன்கிழமையே ஊரே ஒரே வண்டிக்காரருக்கு போன் போடுது, டயர் வண்டி கெடைக்காது, வயல் நனைஞ்சுட்டா பெல்ட் வண்டிதான் எறங்கும், வாடகையும் ஏறிடும். அதனால நான் இப்பல்லாம் கதிர் பழுக்குறதுக்கு முன்னாடியே அவர்கிட்ட பேரு குடுத்து வச்சிடுறேன், மழைய அப்புறம் பாத்துக்கலாம்.