ரோப்லாக்ஸ் ஸ்டுடியோ: ஓர் ஆய்வகக் கருவியின் பேரப்பிள்ளை

பயனர்களே ஆட்டங்களைக் கட்டி மற்றவர்களோடு விளையாடும் இணையத் தளமான ரோப்லாக்ஸைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் அதில் விளையாடக் கிடைக்கும் ஆட்டங்களையே எடைபோடுகின்றன. நான் இங்கே எடுத்துக்கொள்வது அந்த ஆட்டங்களைக் கட்டுவதற்கென்று அந்நிறுவனம் இலவசமாகத் தரும் ரோப்லாக்ஸ் ஸ்டுடியோ என்ற மென்பொருளை. அதையும் இன்றைய வசதிகளை வரிசைப்படுத்திச் சொல்லாமல், 2004இல் டைனாபிளாக்ஸ் என்ற பெயரில் சோதனைக்கு வந்த முதல் வடிவத்தின் நோக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்; புதியவருக்கு விநோதமாகப் படும் இதன் பல குணங்களுக்கு விளக்கம் அங்கேதான் கிடைக்கிறது.

அந்த முதல் வடிவத்துக்கும் ஒரு மூதாதை உண்டு. ரோப்லாக்ஸை நிறுவியவர்களில் ஒருவரான டேவிட் பசூக்கி 1989இல் தம் சகோதரரோடு சேர்ந்து தொடங்கிய நாலெட்ஜ் ரெவல்யூஷன் நிறுவனம், இன்டராக்டிவ் பிசிக்ஸ் என்ற பாடக்கருவியை வெளியிட்டது. கப்பி, சாய்தளம், சுருள்வில், ஊசல் ஆகியவற்றைத் திரையில் வரைந்து ஓடவிட்டால், அவை இயற்பியல் விதிகளின்படி இரு பரிமாணத்தில் இயங்கிக் காட்டும். அதன் அடுத்த படியாகப் பொறியாளர்களுக்கான வொர்க்கிங் மாடல் வந்தது. 1998இல் எம்.எஸ்.சி. சாஃப்ட்வேர் 2 கோடி டாலர் கொடுத்து அந்நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. மாணவர்கள் பாடநூல் கணக்குகளோடு நின்றுவிடாமல் கார்களை மோதவிட்டும் கட்டடங்களைச் சரியவிட்டும் பார்த்ததாகப் பசூக்கி பின்னாளில் பல நேர்காணல்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். பாடம் நடத்தச் செய்த கருவியைப் பிள்ளைகள் விளையாட்டுப் பொருளாக்கிக்கொண்ட அந்தக் காட்சியிலிருந்துதான், அதே நிறுவனத்தில் பொறியியல் பிரிவை நடத்திய எரிக் காஸலும் அவரும் கலிஃபோர்னியாவில் டைனாபிளாக்ஸை எழுதத் தொடங்கினார்கள். 2005இல் ரோபோ, பிளாக் என்ற இரு சொற்களையும் ஒட்டி ரோப்லாக்ஸ் என்று பெயர் மாற்றி, 2006 செப்டம்பர் 1 அன்று முறையாக வெளியிட்டார்கள்.

டைனாபிளாக்ஸ் என்ற பெயரே நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது: அவை இயங்கும் கட்டைகள். ஒரு கட்டையை மற்றொன்றின் மேல் வைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். முட்டுக்கொடுக்காமல் நீட்டிவிட்டால் கவிழ வேண்டும். வெடி வைத்தால் மூட்டுகள் பிரிந்து சிதற வேண்டும். இதற்காக ஆரம்பகால ரோப்லாக்ஸில் ஒவ்வொரு கட்டையின் ஆறு முகங்களுக்கும் ஒரு தன்மை உண்டு. குமிழ்கள் உள்ள முகம் குழிகள் உள்ள முகத்தோடு பொருந்தும். பசை முகம் இலேசாக ஒட்டி, இழுத்தால் விட்டுவிடும். கீல் முகம் சுழலவிடும், மோட்டார் முகம் தானே சுழற்றும். கதவு செய்ய நினைத்த பிள்ளை, கட்டையின் ஓரத்தில் கீல் தன்மையைத் தீட்டிச் சுவரோடு சேர்த்துவிட்டால் போதும், கதவு திறக்கும். இதைவிடச் சுருக்கமான முப்பரிமாணக் கட்டுமானப் பாடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இன்றைய ஸ்டுடியோவில் அந்த வழி மூடப்பட்டுவிட்டது. முகங்களின் தன்மைகள் பழைய ஆட்டங்களுக்காக விட்டுவைக்கப்பட்ட எச்சங்களாகிவிட்டன. கட்டைகளை அருகருகே வைத்தால் அவை தாமாக ஒட்டிக்கொள்வதில்லை; ஒட்டவேண்டுமானால் வெல்டு என்ற இணைப்பைத் தனியே சேர்க்க வேண்டும். கீலுக்கு இரு கட்டைகளிலும் இணைப்புப் புள்ளிகளைக் குறித்து, அவற்றின் அச்சுத் திசை ஒத்திருக்கிறதா என்று சரிபார்த்து, கீல் கட்டுப்பாட்டை நடுவில் பொருத்த வேண்டும். நான் மூன்று மாலைகள் இதில் சிறு பாலமும் கவணும் கட்டிப் பார்த்தேன். பழகிய பிறகு புதிய முறையே துல்லியமானது என்பதில் எனக்கு ஐயமில்லை: சுழலும் கோணத்துக்கு எல்லை வைக்கலாம், மோட்டாரின் முறுக்குவிசையை எண்ணாகக் கொடுக்கலாம், சுருள்வில்லின் விறைப்பை மாற்றிப் பார்க்கலாம். வொர்க்கிங் மாடலைப் பயன்படுத்திய பொறியாளருக்கு இது சொந்த வீடு போலிருக்கும். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் ஒரு மணி நேரத்தில் கிடைக்கவேண்டிய வியப்பு பட்டியல்களுக்குள் போய் ஒளிந்துகொண்டது. பெரும்பாலான பாடக் காணொளிகள் முதலில் சொல்லித்தருவதும் கட்டையை அசையாமல் நிறுத்தும் ஆங்கர் பொத்தானை அழுத்தத்தான். இயங்கும் கட்டைகள் என்று தொடங்கிய ஒன்றில், இயக்கத்தை நிறுத்துவது முதல் பாடமாகியிருக்கிறது.

பழைய வடிவத்தின் எலும்புகளைத் தேடுவோருக்கு ஸ்டுடியோ இன்னும் சுவையான இடம். இதில் நீள அளவு ஸ்டட் எனப்படுகிறது. கட்டையின் மேலிருந்த குமிழ்தான் அந்த ஸ்டட். ஈர்ப்பு முடுக்கத்தின் இயல்பு மதிப்பு 196.2 என்று இருக்கும். இந்த எண் முதலில் புரியாது, 9.81ஐ 20ஆல் பெருக்கிப் பார்த்தால் புரிந்துவிடும். ஒரு மீட்டருக்கு 20 ஸ்டட் என்று கொண்டால் ஒரு ஸ்டட் 5 செ.மீ.; ஆடுபவரைக் குறிக்கும், ஏறத்தாழ 5 ஸ்டட் உயரமுள்ள பழைய மஞ்சள் தலை உருவம் 25 செ.மீ. பொம்மை. அதாவது, இந்த எண்ணின் கணக்குப்படி நாம் நடமாடுவது மனிதர்களின் ஊரில் அல்ல, தரையில் பரப்பிவைத்த பொம்மைகளின் நடுவே. 100 ஸ்டட் உயரத்திலிருந்து விட்ட பந்து ஒரே விநாடியில் தரையைத் தொடுகிறது. உருவத்தை மனித உயரமாக வைத்துக் கணக்கிட்டால் அது 34 மீட்டர் வீழ்ச்சி, இரண்டரை விநாடிக்கு மேல் ஆகவேண்டும். ரோப்லாக்ஸில் எல்லாமே சற்று வேகமாகவும் எடையற்றும் விழுவதுபோலத் தோன்றுவதன் காரணம் இதுதான். யதார்த்தம் வேண்டுவோர் ஈர்ப்பை 35 அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். எனக்கு அந்தப் பொம்மை வேகமே பிடித்திருக்கிறது.

இன்னொரு எலும்பு, உருவம் சாகும் விதம். மற்ற ஆட்டங்களில் சாவு என்பது தனியே வரைந்துவைத்த அசைவு. இங்கே கழுத்து மூட்டு பிரிந்தால் சாவு, செத்தால் எல்லா மூட்டுகளும் பிரிந்து கைகால்கள் தரையில் உருளும். ஆளும் வீடும் ஒரே வகைக் கட்டைகளால் ஆனவை என்ற ஆரம்பகால முடிவின் நேரடி விளைவு அது. கிராஸ்ரோட்ஸ் என்ற பழைய ஆட்டத்தில் ராக்கெட், கவண், நேரவெடி, சுவர் எழுப்பும் கரண்டி ஆகியவற்றோடு கோபுரங்களைச் சிதைத்துப் பார்ப்பவருக்கு, முதல் வடிவத்தின் மனநிலை எந்த விளக்கமும் இல்லாமலே பிடிபடும்.

நிரல் எழுதும் பகுதி குறையில்லாதது. பிரேசிலில் 1993இல் பிறந்த லூவா மொழியைத் தேர்ந்தது நல்ல முடிவு; அதிலிருந்து நிறுவனம் வளர்த்தெடுத்த லுவாவ், 2021இல் திறந்த மூலமாகவும் வெளியிடப்பட்டது. பலர் ஒரே ஆட்டத்தில் இருக்கும்போது அருகிலுள்ள கட்டைகளின் இயக்கத்தை அவரவர் கணினியே கணக்கிடுவதால் சர்வரின் சுமை குறைகிறது, ஏமாற்றுவோருக்கும் ஒரு சந்து கிடைக்கிறது. ஏமாற்றுவோரைத் தடுக்கத்தான் பயனரின் கணினியில் செய்யும் பெரும்பாலான மாற்றங்கள் மற்றவர்களுக்குப் போய்ச் சேராதபடி 2018இல் எல்லா ஆட்டங்களுக்கும் கட்டாயமாக வடிகட்டினார்கள்.

வாங்குபவர் கேட்கும் கேள்விகளுக்கு வருகிறேன். விலை ஒன்றுமில்லை. விண்டோஸ், மேக் கணினிகளில் மட்டுமே இயங்கும். கைப்பேசியிலும் டேப்லெட்டிலும் ஆடலாமே தவிரக் கட்ட முடியாது. கணக்கு தொடங்கியாக வேண்டும். குழந்தைகளின் பாதுகாப்பு குறித்து ரோப்லாக்ஸ் மீது அமெரிக்காவில் வழக்குகள் உள்ளன. துருக்கி 2024 ஆகஸ்டில் தளத்தையே தடைசெய்தது. பெற்றோர் அதைப் பொருட்படுத்தாமல் விடக்கூடாது. ஆயினும் ஸ்டுடியோவுக்குள் பிள்ளை தனியே கட்டிச் சோதித்துப் பார்க்கும்போது அந்நியர் யாரும் உள்ளே வருவதில்லை என்பதால், ஆடுவதைவிடக் கட்டுவதை முதலில் பழக்குமாறு சொல்வேன். ஆட்டத்தை விற்றுப் பணமாக்கும் ஆசையை இந்தக் கட்டத்தில் ஊட்டவேண்டியதில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அந்த ஒன்றரையைக் குறைத்தது, கட்டையை வைத்த கணமே ஒட்டிக்கொள்ளும் எளிமையைக் கைவிட்டதற்காக. வேண்டுவோருக்கு ஒரு தொடக்க முறையாகவாவது அதை வைத்திருக்கலாம். தொடங்குபவர் வெறும் தரைப்பலகையோடு திறக்கும் கிளாசிக் பேஸ்பிளேட் வார்ப்புருவைத் திறந்து, எந்தக் கட்டையையும் ஆங்கர் செய்யாமல் ஒரு சுவரை அடுக்கிப் பந்தால் இடித்துப் பார்க்கட்டும். மெனுவிலிருந்து எடுக்கும் கட்டையின் உயரம் 1 ஸ்டட்; நிரலில் ஒரு வரி எழுதிப் புதிய கட்டையை வரவழைத்தாலோ இன்றும் 1.2 ஸ்டட் உயரத்தில் வந்து நிற்கிறது, குமிழ் வைத்த பழைய செங்கல்லின் அளவு மாறாமல்.