திருகோணமலைக் கடலில் சூரை: இருவர் செல்லும் படகுக்கு எந்த முறை?

திருகோணமலையில் ஆழ்கடல் கரைக்கு மிக அருகிலேயே தொடங்கிவிடுகிறது. மகாவலி கங்கை வந்து விழும் கொட்டியாற்றுக் குடாவிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று இறங்கிச் செல்வதால், வேறு கரைகளில் பலநாள் கலத்தில் போய்ப் பிடிக்க வேண்டிய மீனை இங்கே இருவர் ஒரு சிறு கண்ணாடியிழைப் படகில் விடியுமுன் புறப்பட்டு மதியத்துக்குள் கொண்டுவந்துவிட முடியும். நீலத்திமிங்கிலம் பார்க்க வருபவர்களை ஏற்றிச் செல்லும் படகுகள் அதிக தூரம் போகாமலே அவற்றைக் காட்ட முடிவதும் இந்தப் பள்ளத்தின் புண்ணியத்தால்தான். ஆகவே சிறு படகில் சூரைக்குப் போகலாமா என்று இங்கே யாரும் கேட்பதில்லை. எந்த முறையோடு போவது என்பதில்தான் பேச்சு நீள்கிறது. படகுக்குச் சொந்தக்காரரான என் நண்பர் கைத்தூண்டில் பக்கம். நான் ஓடும் படகின் பின்னே இழுத்துச் செல்லும் தூண்டிலின் பக்கம். இருவர் மட்டுமே செல்லும், ஒரே இயந்திரமும் ஒரே ஐஸ் பெட்டியும் உள்ள படகுக்கு எது பொருந்தும் என்ற அளவுகோலை மட்டும் வைத்து இம்முறைகளை இங்கே ஒப்பிடுகிறேன். நாலைந்து பேர் செல்லும் கலத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

முதலில், எந்தச் சூரை என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வயிற்றில் நீளவாக்கில் கருங்கோடுகள் ஓடும், பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோ வரை நிற்கும் சூரை ஒன்று. மாசிக் கருவாடு ஆவது பெரும்பாலும் இதுதான். செட்டைகள் மஞ்சளாக இருக்கும், முழு வளர்ச்சியில் நூறு கிலோவையும் தாண்டக்கூடிய, சந்தையில் கெலவல்லா என்று சிங்களப் பெயராலேயே அழைக்கப்படும் பெரிய சூரை மற்றொன்று. முன்னது நீர்ப்பரப்பை ஒட்டிப் பெருங்கூட்டமாக இரை தின்னும். பின்னதன் குஞ்சுகள் அந்தக் கூட்டத்திலேயே கலந்து திரிந்தாலும், விலைபோகும் அளவுக்கு வளர்ந்த மீன் பெரும்பாலும் சற்று ஆழத்தில் ஓடும். முறைகளுக்கிடையிலான வேறுபாட்டில் பாதி இந்த ஆழ வேறுபாட்டிலிருந்தே வருகிறது.

இழுத்துச் செல்லும் தூண்டிலுக்கு வேண்டியவை மிகக் குறைவு. உரப்பை நாரைப் பிரித்து, முள்ளின் கழுத்தில் குஞ்சமாகக் கட்டி, மேலே ஒரு ஈயக்குண்டைக் கோத்துவிட்டால் போலி இரை தயாராகிவிடும்; கடையில் விற்கும் இறப்பர்க் கணவாய்களோடு சேர்த்து இழுத்துப் பார்த்ததில், சிறு சூரையைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு எதையும் நான் காணவில்லை. மணிக்கு ஐந்து முதல் ஏழு கடல்மைல் வேகத்தில் படகு ஓட, இரண்டு அல்லது மூன்று நூல்கள் வெவ்வேறு நீளத்தில் பின்னே வரும். தூரத்தில் ஆலாக்கள் ஓரிடத்தில் குவிந்து கீழே பாய்ந்து பாய்ந்து எழுவதைக் கண்டால், கூட்டத்தின் நடுவே படகைச் செலுத்தாமல் அதன் ஓரமாக வளைத்து ஓட்ட வேண்டும். நடுவே போனால் மீன் ஆழத்தில் இறங்கிவிடும், பறவைகளும் கலைந்துவிடும். ஒருவர் இயந்திரத்தைப் பிடிக்க, மற்றவர் நூலை இழுத்து மீனை எடுக்க, வேலை இருவருக்கும் அளவாகப் பங்கிடப்பட்டுவிடும். மூன்றாவது ஆளைத் தேட வேண்டிய தேவையே இம்முறையில் எழுவதில்லை.

இதன் குறை எரிபொருள். மீனைத் தேடும் நேரம் முழுவதும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இலங்கையின் சிறு படகுகளில் பெரும்பாலானவை மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியபோது, இம்முறையின் பொருளாதாரம் தலைகீழாகியது. அதுவரை ஆலாக்கூட்டம் ஒன்றைத் தேடி அரை நாள் சுற்றுவதை எவரும் கணக்குப் பார்த்ததில்லை; அதன்பின் படகைக் கரையிலிருந்து தள்ளும்போதே கணக்குத் தொடங்கியது. மீன் கிடைக்காத நாளில் நட்டத்தை முழுமையாகக் காட்டும் முறை இதுவே என்ற என் நண்பரின் வாதத்துக்கு இதில் வலுவிருக்கிறது.

கைத்தூண்டில் அதற்கு நேர்மாறானது. கரையிலிருந்து ஆழநீருக்குப் போகவும் திரும்பவும் மட்டும் இயந்திரம் ஓடும். இடையில் அதை நிறுத்திவிட்டு, நீரோட்டத்தோடு படகை மிதக்கவிட்டு, உயிருள்ள சிறு மீனையோ கணவாயையோ முள்ளில் கோத்துத் தடித்த தங்கூசி (ஒற்றையிழை நைலோன்) நூலில் ஐம்பது, நூறு மீற்றர் ஆழத்துக்கு இறக்குகிறோம். கடலில் மிதந்துவரும் மரத்துண்டின் அருகிலும், டொல்பின் கூட்டம் ஓடும் திசைக்குச் சற்று முன்னாலும் இவ்வாறு இறக்கும்போது பெரிய கெலவல்லா கிடைக்கும் வாய்ப்பு உண்டு. ஒரே மீன் அன்றைய செலவு முழுவதையும் மீட்டுத் தந்துவிடலாம். இந்த ஆசை எவருக்கும் விளங்கக்கூடியது.

ஆனால் முப்பது கிலோ மீனொன்று முள்ளில் பட்டதும் படகில் என்ன நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் அது நேராகக் கீழே இறங்குகிறது. படகின் தளத்தில் சுருள் சுருளாகக் கிடந்த நூல், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு சுருளாக எழுந்து, விளிம்பில் உரசிச் சீறியபடி கடலுக்குள் போகிறது. அந்தச் சுருளுக்குள் ஒருவரது கால் இருந்தால் அவரும் அதனோடு போவார். கையுறை இல்லாத விரலை அந்த நூல் கத்தி போல அறுத்துவிடும். "மச்சான், நூலைக் கையில சுத்தாத" என்று என் நண்பர் ஒவ்வொரு முறையும் சொல்வது பழக்கத்தினால் மட்டும் அல்ல. இழுக்க வசதியாக இருக்கும் என்று எண்ணிக் கையில் ஒரு சுற்றுச் சுற்றும் பழக்கம் அனுபவசாலிகளிடமும் உண்டு. உறையிட்ட கத்தியொன்று இருவருக்கும் எட்டும் இடத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும். மீன் களைத்த பிறகு படகின் கீழே வட்டமிடத் தொடங்கும்போது, ஒருவர் நூலைப் பிடித்திருக்க மற்றவர் கொக்கித்தடியால் தலைப்பகுதியில் குத்தி ஏற்றுகிறார். அந்த நேரத்தில் இருவருமே படகின் ஒரே பக்கத்தில் நிற்பதால் படகு சாய்கிறது, இயந்திரத்தருகில் எவரும் இல்லை. அலை எழுந்திருக்கும் வேளையில் இது விரும்பத்தக்க நிலை அல்ல.

இரவில் செவுள்வலையை மிதக்கவிட்டுக் காத்திருப்பது மூன்றாவது வழி. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இதற்கு முன்னால் மற்றவை நிற்கா. இருந்தும் பொழுதுபோக்கும் வருமானமும் கலந்து செல்லும் இருவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வலையில் செவுள் சிக்கிய சூரை நீந்த முடியாமல் மூச்சடைத்து இறந்து, வலை தூக்கப்படும்வரை மணிக்கணக்காக வெதுநீரில் கிடக்கிறது. அதன் தசைக்கு என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன். ஆமையும் டொல்பினும் மாட்டிக்கொள்வது வேறு. பன்னாட்டுக் கடற்பரப்பில் மிக நீண்ட மிதவலைகளை நிறுத்தும்படி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1991இல் கேட்டுக்கொண்டதற்கு இந்த உயிர்ச்சேதமே காரணம். சிறு படகின் வலை அவ்வளவு நீளமில்லை என்றாலும் அது மாட்டும் விதம் அதேதான். மலிவாகக் கிடைக்கிறதே என்று தங்கூசி வலையை எடுத்துப் போவதற்கு இலங்கையில் சட்டம் இடம் தருவதில்லை. துறைமுகத்துக்குள் வந்து போகும் கப்பல்களின் பாதையில் மங்கிய விளக்கோடு இரவு முழுவதும் மிதப்பதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை.

நூற்றுக்கணக்கான முட்கள் கொண்ட நெடுந்தூண்டிலும், மாலைதீவிலும் மினிக்கோயிலும் புகழ்பெற்ற கோல்தூண்டிலும் சிறந்த முறைகளே. கோல்தூண்டில் மீனை ஒவ்வொன்றாக எடுப்பதால், மாலைதீவின் சூரைத் தொழில் 2012இல் நிலைபேறான மீன்பிடிக்கான எம்எஸ்சி சான்றிதழையும் பெற்றது. ஆனால் அதற்கு உயிர் இரையைச் சுமக்கும் நீர்த்தொட்டியும், நீரைத் தெளிக்கும் குழாயும், வரிசையாக நின்று இழுக்கும் ஆட்களும் வேண்டும். இருவர் படகில் இதற்கும் இடமில்லை, நெடுந்தூண்டிலின் அத்தனை முட்களுக்கும் இடமில்லை.

இனி ஐஸ் பெட்டிக்கு வருவோம். என் கருத்தில் இந்த வழக்கைத் தீர்ப்பது அதுதான். சூரை மற்ற மீன்களைப் போல் குளிர் உடம்புடையது அன்று. தசையில் உண்டாகும் சூட்டை இரத்தக் குழாய்களின் பின்னல் ஒன்றின் வழியாக உடம்புக்குள்ளேயே தேக்கிவைத்துக்கொள்வதால், அது நீந்தும் நீரைவிட அதன் உட்தசை வெப்பமாக இருக்கும். நெடுநேரம் போராடிய மீனில் இந்தச் சூடு மேலும் ஏறி, அமிலமும் சேர்ந்து, முதுகுத்தண்டை ஒட்டிய தசை செந்நிறம் இழந்து வெந்ததுபோல் வெளிறிவிடும். அப்படிப்பட்ட மீனுக்குக் கொழும்புக் கொள்வனவாளர் நல்ல விலை தர மாட்டார். இதைவிடக் கடுமையான விடயம் ஹிஸ்டமின். சூரையின் தசையில் நிறைந்திருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைப் பக்டீரியாக்கள் வெதுவெதுப்பில் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அது ஒருமுறை உண்டான பிறகு, சமைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது. உண்டவரின் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பெல்லாம் தடிக்கும்போதுதான் தெரியவரும். மீனின் மணமோ தோற்றமோ அதைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதும் உண்டு.

ஆகவே மீன் படகில் ஏறியதும் அதன் பக்கச் செட்டைக்குச் சற்றுப் பின்னால் இருபுறமும் கீறி இரத்தத்தை வடியவிட்டு, குடலும் செவுளும் அகற்றி, கடல்நீரும் நொறுக்கிய ஐஸும் கலந்த குழம்புநீரில் முழுமையாக அமிழ்த்த வேண்டும். வெறும் ஐஸ்கட்டிகளின்மேல் கிடத்திய மீன், கட்டி தொடும் இடங்களில் மட்டும் குளிர்கிறது. குழம்புநீர் எல்லாப் பக்கத்திலிருந்தும் சூட்டை இழுக்கும். வெப்பநாட்டில் மீனின் எடைக்குச் சமமான ஐஸ் கொண்டுபோவது பழைய கணக்கு. மூன்று கிலோச் சூரை பத்தை இந்தப் பெட்டி எளிதாக விழுங்கும். நாற்பது கிலோக் கெலவல்லாவுக்கு வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு வெயிலில் திரும்பிவர வேண்டியதாகிறது. ஒரே மீனில் செலவை மீட்கலாம் என்ற கைத்தூண்டில் கணக்கு உடைவது இந்த இடத்தில்தான். அந்த மீன் முதல்தர விலைக்குப் போக வேண்டுமானால், அதைக் குளிரவைக்கும் வசதி படகில் முன்கூட்டியே இருந்திருக்க வேண்டும்.

காற்றும் இந்த ஒப்பீட்டில் சேரும். கிழக்குக் கரையில் மீன்பிடிக்கு உகந்த காலம் ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை. வாடைக்காற்றுக் காலத்தில் சிறு படகு ஆழநீருக்குப் போவதைப் பேசவே வேண்டாம். ஆனால் அமைதியான காலத்திலும் ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோரம் கண்ணாடியாகக் கிடக்கும் கடல், வெளியே போகப்போகக் குறுகிய, கூரான அலைகளால் நிறைந்திருக்கும். போகும்போது காற்று முதுகில், திரும்பும்போது முகத்தில். இயந்திரத்தை நிறுத்தி மிதக்கும் கைத்தூண்டில் படகை அந்தக் காற்று தொடர்ந்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது என்பதை, மீனின் மேல் கண்ணாக இருப்பவர்கள் கவனிப்பதில்லை. மிச்சமாகிறது என்று எண்ணிய மண்ணெண்ணெயில் ஒரு பகுதி திரும்பும் வழியில் செலவாகிவிடுகிறது. இழுத்துச் செல்லும் முறையிலோ படகு எப்போதும் நம் கையில் இருக்கிறது. காற்று ஏறத் தொடங்கினால் நூல்களைச் சுற்றாமலே அணியத்தைக் கரைப்பக்கம் திருப்பி, மீன் பிடித்தபடியே வரலாம்.

இந்தக் காரணங்களால் என் தெரிவு இழுத்துச் செல்லும் தூண்டிலே. கைத்தூண்டிலை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. போகும் வழியில் இழுத்துக்கொண்டு போய், டொல்பின் கூட்டமோ மிதக்கும் மரமோ தென்பட்டு, காற்று இன்னும் எழாமல், பெட்டியும் பாதிக்கு மேல் காலியாக இருந்தால், பிடித்த சிறு சூரையையே இரையாக்கிக் கைத்தூண்டிலை இறக்கலாம். எங்கள் வழக்கில் நாங்கள் வந்து சேர்ந்த சமரசமும் ஏறக்குறைய இதுதான். அதற்கு ஒரு நிபந்தனையை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை: ஐஸ் ஆலையில் அன்று அரைப்பெட்டி ஐஸ்தான் கிடைத்தது என்றால், அந்தத் தடித்த நூற்சுருளைப் படகில் ஏற்றுவதில்லை.