பெர்லைட் மூட்டை வாங்கினால் அடிவரை கை விட்டுப் பாருங்கள்

சின்னதாக ஒரு மண்பாண்டச் சூளை கட்டினேன். உள்ளே ஃபயர் பிரிக்ஸ் (சூடு தாங்கும் செங்கல்), வெளியே சாதாரணச் செங்கல், நடுவே நாலு விரல் இடைவெளி. சூடு வெளியே போகாமல் இருக்க அந்த இடைவெளியில் பெர்லைட்டை, அதாவது சூட்டில் பொரிந்த லேசான வெள்ளைக் கல் மணிகளைக் கொட்டி நிரப்புவது வழக்கம். மூட்டை மூட்டையாக வாங்கினேன். விற்றவர் ஒரு மூட்டையின் வாயைப் பிரித்துக் காட்டினார். மேலாக ஒரு கைப்பிடி அள்ளி நசுக்கிப் பார்த்தேன், அசல் சரக்குதான். அதோடு விட்டுவிட்டேன்.

முதல் தடவை சூளை மூட்டியபோது மூன்றாவது மணி நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. அப்புறம் செங்கல் இடுக்குகளில் கரும்புகை. பயந்துபோய் எல்லாவற்றையும் அணைத்தேன். மறுநாள் வெளிச்சுவரில் நாலு கல்லைப் பெயர்த்தால், இடைவெளியில் பாதிக்கு மேல் காலி. ஃபயர் பிரிக்கின் முதுகில் தார் மாதிரிக் கறுப்பாக, பளபளப்பாகக் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. அந்தக் கட்டிகளுக்குள்ளேயே சில மணிகள் மட்டும் உருகாமல், வடிவம் மாறாமல் கிடந்தன. அவைதான் பெர்லைட். மற்றதெல்லாம் அரைத்த தெர்மாகோல். மேலாக ஒரு சாண் அளவுக்கு அசலைப் போட்டு, கீழே முழுக்கக் கலப்படம்.

விற்றவரிடம் கேட்டதற்கு, "வெப்பம் கடத்தாத பொருள்தானே கேட்டீங்க? இதுவும் கடத்தாது" என்றார். பிரித்த மூட்டைக்குப் பணம் திரும்ப வராது என்றும் சொல்லிவிட்டார். தெர்மாகோல் வெப்பம் கடத்தாது என்பது உண்மைதான். ஆனால் சுமார் 100 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும், தீயும் பிடிக்கும். சூளைச் சுவருக்குள் பல நூறு டிகிரி இருக்கும். அதைக் கொண்டுபோய் அங்கே வைக்கக் கொடுப்பது உயிரோடு விளையாடுவது.

பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடி. அப்சிடியன் என்ற இன்னொரு எரிமலைக் கண்ணாடிக்கு நெருங்கிய சொந்தம். அப்சிடியனில் தண்ணீர் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவு. அதுவே நீண்ட காலம் நீரை உறிஞ்சி பெர்லைட் ஆகிறது. அதில் 2 முதல் 5 சதவீதம் தண்ணீர் கண்ணாடியோடு கண்ணாடியாகப் பிணைந்திருக்கும். உடைத்த கல்லை 850 டிகிரிக்கு மேல் சட்டென்று சூடாக்கினால் கண்ணாடி இளகும், உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி அதை ஊத வைக்கும். சோளம் பொரிகிற மாதிரிதான். கல் 4 முதல் 20 மடங்கு வரை பருத்து, வெளுத்து, லேசாகிவிடும். அத்தனை சூட்டில் பிறந்த பொருள் என்பதால்தான் சூளைச் சுவரில் அதை நம்பி வைக்கிறோம். மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜன் தொட்டிகளின் இரட்டைச் சுவருக்குள்ளும் இதையேதான் நிரப்புகிறார்கள். பழச்சாறு, பீர் வடிகட்டுவதும் இதன் பொடியை வைத்துத்தான்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? தண்ணீரில் மிதக்கிறதா என்று பார்த்துப் பயனில்லை, அசலும் மிதக்கும். நகங்களுக்கு இடையே வைத்து நசுக்குங்கள். பெர்லைட் நறநறவென்று பொடியாகும், விரலில் கண்ணாடித் தூளின் சொரசொரப்பு தெரியும். தெர்மாகோல் அமுங்கும், பொடியாகாது. மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டு எடுங்கள். உலர்ந்த கையில் பொறுக்கி எடுக்க முடியாதபடி உருண்டைகள் ஒட்டிக்கொண்டு வந்தால் சந்தேகப்படுங்கள். அதற்கும் மேல் உறுதி வேண்டுமென்றால் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் தொடுங்கள். தெர்மாகோலில் உடனே ஓட்டை விழும், பெர்லைட்டுக்கு ஒன்றும் ஆகாது. இதைத் திறந்தவெளியில் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதில்லை. அசல் பெர்லைட்டைக் கொட்டும்போதும் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். அதன் தூசு தொண்டையை அறுக்கும்.

எடை போட்டு விற்றால் வாங்காதீர்கள். பெர்லைட் தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும், லேசாக நனைத்தாலே எடை ஏறிவிடும். லிட்டர் கணக்கில் கேளுங்கள்.

செடித்தொட்டிக்கு வாங்குகிறவர்களும் இதையெல்லாம் பார்க்க வேண்டும். பெர்லைட் தன் குழிகளில் ஈரத்தை வைத்திருந்து வேருக்குக் கொடுக்கும். தெர்மாகோல் மணியில் ஈரம் தங்காது.

வெளிச்சுவரை முழுசாகப் பிரித்து, ஃபயர் பிரிக்கில் ஒட்டியதை உளியால் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கம்தான் முடிந்திருக்கிறது.